பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் முறை

வேதாகமத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எளிய பணி என்று எண்ணுவோர் பலர். பெரியவர்களுக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுத் தேர்ந்த ஒருவர் வேண்டும். சிறுவர் வகுப்புக்கு யார் போனாலும் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. ஆகவே, மறுத்துரைக்க அஞ்சும் இளைஞர் ஒருவரையோ, ஏற்கெனவே நான்கு பொறுப்புகளைச் சுமக்கும் அம்மையார் ஒருவரையோ தேடிப் பிடித்து, கையில் ஒரு பாடப் புத்தகத்தைத் திணித்து, வகுப்புக்குள் அனுப்பிவிடுகின்றோம். இது தலைகீழான ஏற்பாடு என்பது எமது துணிபு. பிரசங்கம் சுவைக்காவிடில் பெரியவர் பொறுத்துக்கொள்வர். சிலர் மரியாதையாக உறங்கவுஞ் செய்வர். பிள்ளை அவ்வாறு செய்யாது. அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும்.

இது கிறிஸ்தவப் பெற்றோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி, ஏனையோர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம் பள்ளியில் நன்னெறிக் கல்வி உண்டு; ஆனால் ஒரு சமயத்தின் திருநூலைக் கற்பிப்பது வீட்டுக்கும் வழிபாட்டு இடத்துக்கும் உரிய கடமை. அதற்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் வீணாகிறதா, விளைகிறதா என்பது தேவார வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர்க்கும் உள்ள கவலையே அன்றோ? யாம் இங்கு ஓய்வுநாள் பள்ளியை எடுத்துப் பேசினாலும், கற்பிக்கும் முறை யாவர்க்கும் பொதுவானது.

ஓய்வுநாள் பள்ளி தோன்றிய வரலாறு தொழிலாளர் பிள்ளைகளின் வரலாறாகும். 1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்னும் செய்தித்தாள் வெளியீட்டாளர் அதனைத் தொடங்கினார். அவ்வூரில் குண்டூசித் தொழிற்சாலைகள் இருந்தன. வாரத்தில் ஆறு நாளும் அங்கே உழைத்த சிறுவர் சிறுமியர்க்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. அவர்கள் அன்று தெருவில் கூச்சலிட்டுத் திரிவதைக் கண்டு ஊரார் முகஞ்சுளித்தனர். ரெய்க்ஸோ, கூலி கொடுத்துச் சில பெண்களை அமர்த்தி, அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டச் செய்தார். வாசிக்கப் பழகுவதற்கு வேதாகமமே பாட நூலாயிற்று. வேலை செய்து களைத்த பிள்ளைக்கு எழுத்தும் வேதமும் ஒருங்கே கிடைத்த இடம் அது.

நமக்கு அண்மையில் உள்ள சிங்கப்பூரிலும் இப்பணி தமிழ்ப் பிள்ளைகளிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடற்பாலத்துக்கு அப்பால் உறவினர் உளர். விடுமுறையில் அங்குச் செல்லும் பிள்ளைகள் அங்குள்ள வகுப்புகளிலும் போய் அமர்கின்றனர். ஆதலின் அவ்வூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிராங்கூன் சாலைக்குத் தெற்கே, செலிகி சாலையை ஒட்டி ஷார்ட் வீதி என்னும் சிறு தெரு இருக்கின்றது. 1887ஆம் ஆண்டில் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய அம்மையார் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு அத்தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கப்பட்ட காலம் அது. தமிழ் வணிகர்களே அம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தனர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. தமிழ்ப் பெண்கள் பள்ளியென வழங்கிய அதுவே இன்றைய மெதடிஸ்த பெண்கள் பள்ளி. அதே ஷார்ட் வீதியில் தமிழ் மெதடிஸ்த திருச்சபையும், ஓபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888இல் எழுந்த லூர்து மாதா கோயிலும், டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கத் தமிழரின் கிறிஸ்து ஆலயமும், தலைமுறை தலைமுறையாய்த் தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டவை.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். சிங்கப்பூர்க் குடிக்கணக்கின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழே என்று கூறிய இந்தியர் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். 2020இல் அவர் தொகை நூற்றுக்கு 28 பேராகச் சுருங்கிற்று. ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு 59 பேராயினர். அங்குத் தமிழில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர், அடுக்குமாடி வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தமிழுக்குள் நுழைகின்றவர்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் அந்நிலைக்கு இன்னும் வரவில்லை. வாரா என்று உறுதி கூறவும் எம்மால் இயலாது.

இத்தகைய பிள்ளையிடம் நாம் எந்தத் தமிழில் வேதத்தைக் கொண்டு செல்கிறோம்? ஒரு வகுப்பில் யாம் பின்வரிசையில் அமர்ந்து கேட்டதுண்டு. கர்த்தர், பரலோகம், இரட்சிப்பு, மனந்திரும்புதல், நீதிமான் ஆகிய ஐந்து சொற்களும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. அச்சொற்கள் அழகிய சொற்கள்; அவற்றை நீக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. ஆயினும், 'மனந்திரும்புதல்' என்றால் என்ன என்று அருகில் இருந்த சிறுவனிடம் மெல்லக் கேட்டோம். 'திரும்பிப் பார்க்கிறது' என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியை அவனுக்குக் கொடுப்பார் இல்லை.

இதற்கு மருந்து ஆங்கிலத்துக்கு மாறுவதே என்பார் சிலர். தமிழே அறியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்லுவதை யாம் குறை கூறோம். பசித்த பிள்ளைக்கு எந்தப் பாத்திரத்தில் சோறு இட்டால் என்ன? ஆனால் தமிழ் கேட்டால் விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும், ஆசிரியரின் வசதிக்காக மொழியை மாற்றுவது சோம்பல். அதனினும் கொடியது ஒன்று உண்டு. தமிழ்ப் பாட்டையும் தமிழ் வசனத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாடச் செய்யும் வழக்கம் பரவிவிட்டது. ஒருநாள் விழாவுக்கு அது உதவலாம். ஆண்டு முழுவதும் அதுவே வழக்கமாயின் பிள்ளையின் கால் நிலத்தில் ஊன்றாது.

ஜெர்மனி நாட்டினரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது தமிழ் அறியார். அவர் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இடத்துக்கு வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கே அச்சேறியது. எந்தக் கடலையோ கடந்து வந்தவர் மணலில் எழுதிக் கற்ற எழுத்தை, தமிழ்த் தாய் பெற்ற பிள்ளை படிக்க இயலாமல் வேற்றெழுத்தில் பாடுகின்றது. இதில் பிள்ளையின் பிழை ஒன்றுமில்லை.

ஆகவே எமது கருத்து இது. கதையைப் பிள்ளை பேசும் தமிழில் முதலில் சொல்லுக. பின்னர் நூலின் தமிழில் ஓரிரு வரிகளை மட்டும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வாசிக்கச் செய்க. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆசிரியர்தாம் நடந்து கடத்த வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதே பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கற்பித்த முதல் விதி. கணக்குக்கும் பூகோளத்துக்கும் அதனைப் பின்பற்றும் நாம், வேதபாடத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றோம்.

மனப்பாட வசனத்தைப் பற்றி ஒரு சொல். அதற்கு யாம் பகைவர் அல்லேம். இளமையில் நெஞ்சில் பதிந்த வரி முதுமையில் துணை நிற்கும் என்பதை அறிவோம். ஆனால் வசனத்தைப் பந்தயப் பொருளாக்கி, அதிகம் ஒப்புவித்தவர்க்குப் பரிசு என்று அறிவித்தவுடன், பிள்ளையின் கண் வசனத்தை விட்டுப் பரிசு மேசைக்குப் போய்விடுகின்றது. சிங்கப்பூர் அரசு 1984ஆம் ஆண்டு முதல் உயர்நிலை மூன்று, நான்காம் வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கியது. வேதாகம அறிவு, இந்து சமயம், இஸ்லாம், பௌத்தம், சீக்கியம், கன்பூசியர் நெறி ஆகியவற்றில் ஒன்றை மாணவர் தெரிந்தெடுக்க வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். சமயங்களிடையே போட்டி வளருமோ என்னும் அச்சம் எழவே, 1989இல் அக்கட்டாயத்தைக் கைவிட முடிவாயிற்று. திருநூல் மதிப்பெண்ணுக்குரிய பொருளாவதைக் காட்டிலும் ஓய்வுநாள் வகுப்பிலேயே தங்குவது நன்று என்றே யாம் கருதுகிறோம். அங்கேயும் மதிப்பெண்ணைக் கொண்டுபோய் நுழைக்காதிருந்தால் சரி.

இனிக் கதைக்கு வருவோம். ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதனைச் சொல்ல வேண்டிய விதத்தைச் சற்று விரிவாகக் காட்ட விரும்புகிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் ஏற்ற கதை வேதாகமத்தில் இல்லை. மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களின் கதையைத்தான் குறிப்பிடுகிறோம்.

தோட்ட முதலாளி விடியற்காலையில் புறப்பட்டுப் போய், ஆட்களைக் கூலிக்குப் பேசித் தோட்டத்துக்கு அனுப்புகிறார். மறுபடியும் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளில் போகிறார். இறுதியாகப் பதினோராம் மணி வேளையில் போகிறார். இங்கேதான் முதல் தடை. நம் பிள்ளை 'பதினோரு மணி' என்றால் பள்ளி இடைவேளைக்குப் பின்னுள்ள பதினோரு மணியை நினைக்கும். பதினோரு மணிக்கு வந்தவன் அரைநாளாவது உழைத்திருப்பானே, முழுக்கூலி கொடுத்தால் என்ன என்று கதையின் உயிரையே விட்டுவிடும். அந்நாட்டார் சூரியன் உதிக்கும் வேளையிலிருந்து மணியை எண்ணினர். அவர்களது பதினோராம் மணி நமது மாலை ஐந்து மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது சாயும். இதனைக் கரும்பலகையில் ஒரு சூரியனை வரைந்து, வானில் நகர்த்திக் காட்டுக. இரண்டாவது தடை, பேசிய கூலியாகிய 'ஒரு பணம்'. அது பொதுவாகப் பணம் என்பதன்று, ஒரு வெள்ளிக்காசு, அக்காலத்து ஒருநாள் கூலி. இதைச் சொல்லிவிட்டால் பாதிக் கதை தானே விளங்கும்.

மாலையில் கூலி கொடுக்கும் வேளை வருகின்றது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள கட்டளை. அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டால் தோட்டத்துப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். பிந்தி வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கப்படுகிறது. அவர்கள் கையில் முழு வெள்ளிக்காசு விழுகிறது. வரிசையின் கடைசியில் நிற்கும் விடியற்காலை ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவ்விடத்தில் ஆசிரியர் நிறுத்த வேண்டும். 'அவர்கள் மனத்தில் என்ன நினைத்திருப்பார்கள்?' என்று கேட்க வேண்டும். வகுப்பு முழுவதும் கூலிக் கணக்குப் போடத் தொடங்கும். பின்பு அவர்களுக்கும் அதே ஒரு காசுதான் என்று சொல்லுக.

'அநியாயம்!' என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லும். சொல்லத்தான் வேண்டும். வெயிலில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் தாய் தந்தையரின் பிள்ளை அதைச் சொல்லாவிடில் கதை அதன் காதில் ஏறவில்லை என்றே பொருள். ஆனால் நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் அஞ்சிவிடுகின்றனர். உடனே, 'அப்படிப் பேசக்கூடாது. இது தேவ கிருபையைக் காட்டும் உவமை' என்று பொருளைக் கூறிப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகின்றனர். கதவைத் தட்டிய பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துவது போன்றது இது.

மாறாக, அந்தக் கோபத்தை வளரவிட்டு வேறொரு வினாவை எழுப்புக. மாலை ஐந்து மணிவரை அந்தக் கடைசி ஆட்கள் ஏன் அங்கே நின்றார்கள்? சோம்பேறிகளா? கதையைத் திரும்பப் படித்தால், யாரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்களே சொல்வது தெரியும். பெரட்டில் பெயர் போடாமல் திருப்பியனுப்பப்பட்ட ஆளின் நிலை எப்படிப்பட்டது என்பதை நம் முதியவர்கள் அறிவர். வீட்டிலே அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் அறியும். சிங்கப்பூரில் ஞாயிறு மாலையில் தேக்காவைச் சுற்றிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் கூடி நிற்கும் தமிழகத் தொழிலாளரைக் கண்டிருக்கும் பிள்ளைக்கும், வேலையும் ஓய்வும் கூலியும் ஒரு மனிதனுக்கு என்ன என்பது ஓரளவு புரியும். அந்தக் கடைசி ஆளின் வீட்டிலும் அன்றிரவு சோறு வேக வேண்டும் அல்லவா? அரைக்காசு கொடுத்திருந்தால் எத்தனை பேர் அரைவயிறாய்ப் படுத்திருப்பர்? இப்போது வகுப்பு இரண்டாகப் பிளக்கும். 'ஆனாலும் காலையில் வந்தவனுக்குக் கூட ஒரு காசு கொடுத்திருக்கலாமே, ஐயா!' என்று ஒரு சிறுமி கேட்கக்கூடும். கேட்கட்டும். கதையிலேயே முதலாளி தம் செயலுக்கு விடையளிக்கும்போது கேள்வியாகத்தான் கேட்கிறார். அக்கேள்விக்குக் கூலியாட்கள் என்ன மறுமொழி சொன்னார்கள் என்று எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதை நாம் ஏன் அவசரப்பட்டு நிரப்ப வேண்டும்? பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். சோறு உண்ணும்போது தகப்பனாரிடம் கேட்கட்டும்.

இது எமது புதுக் கண்டுபிடிப்பு அன்று. வேதாகமமே இவ்வாறுதான் கற்பிக்கின்றது. தாவீது அரசன் பெரும்பிழை செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் சென்று, முதலில் குற்றத்தைச் சொல்லவில்லை. ஏழை ஒருவனிடம் இருந்த ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். அரசன் சினந்து தீர்ப்புக் கூறிய பின்பே அத்தீர்ப்பு யாருக்கு உரியது என்று காட்டினார். நல்ல சமாரியன் கதையை முடித்த இயேசு, அடிபட்டவனுக்கு அந்த மூவரில் யார் பிறன் என்று கேட்டு, விடையை எதிரில் இருந்தவர் வாயாலேயே வரவழைத்தார். யூதர் வீடுகளில் பஸ்கா இரவன்று, வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்க, அதற்கு விடையாகவே பெரியவர் விடுதலைக் கதையைச் சொல்லுவர். இன்றும் அவ்வழக்கம் உண்டு. பிள்ளை கேட்டாலன்றிக் கதை தொடங்காது! நமது வகுப்பிலோ ஆசிரியர் கேட்பார், ஆசிரியரே விடை சொல்வார், பிள்ளைகள் 'ஆமென்' என்பர்.

பாட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தாளம் இரத்தத்தில் ஊறியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயேசு பிறந்த கதையைப் பெத்லகேம் குறவஞ்சியாகப் பாடியபோது, நம் மண்ணின் குறவஞ்சியையே கையாண்டார். கும்மியும் கோலாட்டமும் அறிந்த பிள்ளைகளுக்கு அவற்றின் மெட்டிலேயே கதையைக் கொடுக்கலாம். எந்நேரமும் ஒலிபெருக்கியும் திரைப்படமும் வேண்டுவதில்லை. முன்பு பிளானல் பலகையில் ஒட்டிய படங்கள் போதுமாயிருந்தன. இன்று கைபேசியில் படம் ஓடுகிறது. படம் ஓடும்போது பிள்ளை வாய் திறப்பதில்லை என்பதே எமது குறை.

இன்னொன்று சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். நரகத்தைக் காட்டி அச்சுறுத்துவதும், அடுத்த வீட்டார் வழிபாட்டைப் பழிப்பதும் பாடம் ஆகா. நம் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லாப் பிள்ளைகளும்தான் ஓடுகின்றனர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் ஒருமுறை நடந்தால், வீரமாகாளியம்மன் கோயில், அங்குலியா பள்ளிவாசல், சீனிவாசப் பெருமாள் கோயில், கம்போங் கப்போர் மெதடிஸ்த ஆலயம் ஆகிய எல்லாவற்றையும் கண்டு வரலாம். அவ்வழியே தந்தையின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளையிடம், 'இதைப் பாராதே, அதைப் பாராதே' என்று சொல்லிக் கொடுப்பவர் வேதத்தைக் கற்பிக்கவில்லை, வெறுப்பைக் கற்பிக்கிறார். சமயங்களிடையே பகை மூட்டுவதைத் தடுக்க அந்நாடு 1990இல் ஒரு சட்டமே இயற்றியது. சட்டம் பெரியவர்களுக்கு. பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் விழும் சொல்லை எந்தச் சட்டமும் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்க முடியாது; ஆசிரியர்தாம் நாவைக் காக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆயத்தம் வேண்டும். சனிக்கிழமை இரவில் அரைமணி நேரமாவது கதையை வாய்விட்டுச் சொல்லிப் பாராத ஆசிரியர், ஞாயிறன்று புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத்தான் முடியும். ஆசிரியர்க்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு சபைக்கும் உண்டு. பந்தற்காலுக்கும் விருந்துக்கும் ஆள் தேடும்போதெல்லாம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரையே கூப்பிட்டால் அவர் எப்போது ஆயத்தம் செய்வார்?

எம்மால் இயன்றது ஒன்று உண்டு. வரும் ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு மாலைப்பொழுதுகள், தோட்டத்து மண்டபத்தில், கதை சொல்லும் முறையையும் வினா எழுப்பும் முறையையும் பழகிப் பார்க்க ஏற்பாடு செய்ய எண்ணியுள்ளோம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், தேவார வகுப்பு நடத்துவோர், எச்சமயத்தாராயினும் வரலாம். அங்கே சமய வாதம் இராது. ஒவ்வொருவரும் தத்தம் நூலிலிருந்து ஒரு கதையைப் புத்தகம் இன்றிச் சொல்ல ஆயத்தமாக வர வேண்டும். கேட்பதற்கு நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பதின்மரை முன்வரிசையில் அமர்த்துவோம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் எமது பொறுப்பு. பிள்ளைகளில் மூவர் கொட்டாவி விட்டால், சொல்லுபவர் கதையை அங்கேயே நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.